ஒரே வால்வு, இரண்டு குணம்: எப்படி?

சில வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் ‘டிரையோடு’, ‘அல்ட்ராலீனியர்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். தட்டினால் பாட்டின் தன்மையே மாறும். வால்வு அதேதான். பிறகு மாறுவது எது?

ஈ.எல்.34 வால்வுக்குள் எலக்ட்ரான்கள் கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் பாய்கின்றன. வழியில் நிற்கும் ஸ்கிரீன் கிரிட்டுக்கு மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம். அதைப் பிளேட்டோடு இணைத்தால், பிளேட்டின் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் ஸ்கிரீனையும் ஆட்டி, மின்னோட்டத்துக்குக் கடிவாளம் போடுகிறது, வால்வு டிரையோடாகிவிடும். 1951இல் ஹாஃப்லரும் கெரோஸும் பிரபலப்படுத்திய அல்ட்ராலீனியரில், ஸ்கிரீன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் நடுவே ஓரிடத்தில் இணைகிறது. அதனால் கடிவாளம் ஓரளவுதான், சக்தி அதிகம். சேனலுக்கு 35 வாட் தரும் டைனகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயர், டிரையோடுக்கு மாற்றினால் ஏறக்குறைய பாதிதான் தரும். சின்ன அறையில் குரலிசை கேட்க அதுவே போதும், அதுவே இனிமை என்பேன்.

சுவிட்ச் வைப்பது எளிது. நடுமுனையில் ஸ்கிரீன், ஒரு பக்கம் பிளேட், மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மர் முனை. டிரையோடு பக்கம் பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் இடையே 100 ஓம் ரெசிஸ்டர் அவசியம். இல்லையேல் வால்வு தானாக அலைவெழுப்பக்கூடும். ஆனால் அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது. சாதாரண 250 வோல்ட் சுவிட்ச் உள்ளேயே தீப்பொறி விட்டுக் கருகக்கூடும். ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகே சுவிட்சை மாற்றுங்கள். மூடியைத் திறப்பதானால், பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் மின்சாரம் வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பின்பே கை வையுங்கள்.