இடையன்குடிச் சேகரம்

கால்டுவெல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றவர் நினைவில் முதலில் எழுவது 1856ஆம் வருஷத்தில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தான். ஆனால் அப்பெருநூலை இயற்றியவர் பாஷா சாஸ்திரம் போதித்து ஜீவனம் செய்த பேராசிரியர் அல்லர் என்பதையும், திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மண் தேரிகளுக்கு அருகே பனையை நம்பிப் பிழைத்த ஒரு சிற்றூரில், ஞானஸ்நானம் கொடுத்தும் கல்யாணம் நடத்தியும் இறந்தவரை அடக்கம் செய்தும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஆங்கிலிகன் குருவானவர் என்பதையும் சிந்திப்பவர் சிலரே. அச்சிற்றூரே இடையன்குடி. நூலுக்கு நாம் செய்த மரியாதையில் ஒரு பங்கையேனும் அந்தச் சேகரத்துக்குச் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அயர்லாந்தில் 1814இல் பிறந்து, 1838இல் லண்டன் மிஷன் ஊழியராகச் சென்னை வந்த ராபர்ட் கால்டுவெல், பின்னர் ஆங்கிலிகன் சபையில் சேர்ந்து, நீலகிரி வழியாகப் பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து, எஸ்.பி.ஜி. என்று வழங்கிய ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் சார்பில் 1841இல் இடையன்குடியை அடைந்தார். அவர் வருமுன்பே இப்பிரதேசத்தில் கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் பிராமண விதவை எழுப்பிய சிறு ஆலயம் 1785லேயே எழுந்துவிட்டது. புதிதாக மதம் மாறியவர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட முதலூர் என்னும் கிராமம் 1799இல் தோன்றியது.

இங்கிலாந்தில் ஒரு குருவின் பொறுப்பு எல்லை பெரும்பாலும் ஓர் ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான். திருநெல்வேலியிலோ ஒரு தலைமை ஊரும், அதைச் சூழ்ந்த பல குக்கிராமங்களும், அவை ஒவ்வொன்றிலும் ஒரு ஜெபவீடும், அதை நடத்த ஓர் உபதேசியாரும் சேர்ந்து, ஒரு சேகர குருவின் மேற்பார்வையில் அமைந்ததே சேகரம் ஆயிற்று. பகலில் பிள்ளைகள் எழுத்துப் படித்த கூரையின் கீழேயே, பனையேறி இறங்கிக் களைத்த பெரியவர்கள் அந்தியில் ஜெபத்துக்குக் கூடினார்கள். ஆகவே ஆலயமும் பள்ளிக்கூடமும் இரு வேறு ஸ்தாபனங்கள் என்ற எண்ணமே அவ்வூர்களில் வெகுகாலம் எழவில்லை.

கால்டுவெல் முதலில் கைவைத்தது ஆலயத்தில் அன்று, ஊரிலேயே. நேரான வீதிகள் வகுக்கப்பட்டன, கிணறுகள் வெட்டப்பட்டன, மரங்கள் நடப்பட்டன. 1844இல் அவர் மணந்த எலிசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியரின் மகள். தமிழ் நாட்டிலேயே பிறந்து தமிழைச் சரளமாகப் பேசியவர். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, தம் தாயார் நாகர்கோவிலில் பரப்பிய லேஸ் பின்னலை இங்கே கற்பித்து, பனையைத் தவிர வேறு வருமானம் அறியாத வீடுகளில் பெண்ணின் கையிலும் காசு புழங்கச் செய்தவர் அவரே. குருவின் பிரசங்கத்தைவிட இந்த ஊசியும் நூலும் அதிகம் சாதித்தன என்று சொன்னால் குருவே மறுத்திருக்கமாட்டார்.

இடையன்குடியின் தூய திரித்துவ ஆலயத்தின் திருப்பணி 1847இல் தொடங்கி 1880இல்தான் நிறைவெய்தியது. கூரிய வளைவுகள் கொண்ட ஐரோப்பிய காதிக் பாணியில் அச்சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த முப்பத்துமூன்று வருஷங்களுக்குள் ஒப்பிலக்கணம் எழுதப்பட்டு, 1875இல் இரண்டாம் பதிப்பும் கண்டு, தாது வருஷப் பஞ்சம் வந்துபோய், கட்டத் தொடங்கியபோது குருவாயிருந்தவர் 1877இல் பிஷப்பாகவும் உயர்ந்துவிட்டார்.

இவ்வளவும் சொல்லி ஒன்றை மறைப்பது நேர்மை ஆகாது. பனைத்தொழில் செய்த சமூகத்தாரைக் குறித்து 1849இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல், தம்மை நம்பிய ஜனங்களையே தாழ்வாகச் சித்திரித்து அவர்கள் மனத்தைப் புண்படுத்தியது. அக்காயம் தலைமுறை கடந்தும் ஆறவில்லை. 1857இல், அதே சீமையின் நாசரேத் பகுதியில், சட்டாம்பிள்ளை என்று பெயர் பெற்ற அருமைநாயகம், வெள்ளைக்காரக் குருமாரின் ஆதிக்கமே வேண்டாமென்று சுதேச சபையொன்றைத் தனியே நிறுவிக்கொண்டார். சேகரத்து ஜனங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

1891 ஆகஸ்டு 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமான கால்டுவெல்லின் உடல், அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது; பின்னர் எலிசாவும் அங்கேயே துயில்கொண்டார். 1896இல் திருநெல்வேலி, தனக்கென ஒரு பிஷப்பைக் கொண்ட தனி அத்தியட்சாதீனம் ஆயிற்று. 1947 செப்டம்பரில் ஆங்கிலிகன் சபை மற்றச் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது பெயர்ப்பலகை மாறியதே தவிர, ஞாயிற்றுக்கிழமையின் வழக்கங்கள் அதிகம் மாறவில்லை.

அவ்வழக்கங்களை இச்சீமையின் எந்தச் சேகரத்திலும் காணலாம். கோயில்பிள்ளை மணியடித்ததும் ஆராதனைக்குக் கூட்டம் சேர்கிறது. பாமாலையும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனைகளும் மாறி மாறி ஒலிக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பு மூன்று வாரம் மணமக்கள் பெயரை அறிவிக்கும் ஓலை வாசிக்கப்படுகிறது. வீட்டுப் பெண்கள் தினமும் உலையிலிடுமுன் எடுத்துவைத்த கைப்பிடி அரிசி காணிக்கையாக வந்து சேருகிறது. ஆலயப் பிரதிஷ்டைத் திருநாளிலோ அசனம் நடக்கிறது: பெரிய அண்டாக்களில் சோறு வெந்து, கறிக்குழம்பு கொதித்து, நிலம் உள்ளவரும் கூலி வேலை செய்பவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். சாதி பார்த்துப் பந்தி பிரித்த நாட்டில் அசனம் வெறும் விருந்தன்று; அதற்காகச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களை நான் வேடிக்கை மனிதர்களாக எண்ணவில்லை.

அறுப்பின் பண்டிகை இன்னும் கலகலப்பானது. முதற்பலனாகத் தேங்காயும் வாழைத்தாரும் கருப்பட்டியும் கோழியும் ஆட்டுக்குட்டியும் ஆலயத்துக்கு வருகின்றன. ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் தொடங்குகிறது. சந்தையில் ஒருவரும் கொடுக்காத விலைக்கு ஒரு கோழி ஏறுகிறது. ஏறுவது கோழியின் விலையன்று, சபைக்குக் கொடுப்பவரின் உற்சாகம். எதிர்த்தெரு அண்ணாச்சிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத வீறாப்பும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஏலம் எடுத்தவரே அதை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்துவிட, அதே கோழி இரண்டாம் முறை ஏலத்துக்கு வருவதும் உண்டு.