விசையும் விரலும்

மின்னஞ்சல் படிப்பதற்குச் சுட்டெலியும் வண்ணத் திரையும் இன்றியமையாதன என்பது இன்று பெரும்பாலோர் எண்ணம். ஆயினும், எழுத்துகளை மட்டுமே திரையிற் காட்டி, விசைப்பலகை ஒன்றினாலேயே இயங்கும் அஞ்சல் நிரல்கள் சிலவும் வழக்கில் இருந்து வருகின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது ‘மட்’ என்பதாகும். மைக்கேல் எல்கின்ஸ் என்பார் 1995ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். அதற்கு முன்பே வழங்கிய ‘எல்ம்’ என்னும் நிரலின் சாயல் இதில் உண்டு. இதன் இரண்டாம் பெரும்பதிப்பு 2020இல் வெளிவந்தது. தொலைவிலுள்ள கணிப்பொறியை மெதுவான இணைப்பின் வழியே இயக்குவோர்க்கும், நாள்தோறும் ஏராளமான மடல்களைப் பார்வையிடுவோர்க்கும் இது பெரிதும் பயன்படுகிறது.

இந்நிரலில் ஓர் எழுத்தே ஒரு கட்டளை. ‘எம்’ என்னும் விசையைத் தட்டினால் புதிய மடல் எழுதலாம். ‘எஸ்’ மடலை வேறோர் அஞ்சல் பெட்டியிற் சேர்க்கும். ‘டி’ அதனை அழிக்கக் குறிக்கும். கட்டளை அத்துணைச் சுருங்கியதாதலின் வேலை விரைகிறது. அதே காரணத்தால் பிழையும் விரைகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்குச் சான்று ஒன்று காண்போம். ‘ஆர்’ என்னும் விசை மடல் விடுத்தவருக்கு மட்டும் மறுமொழி எழுத உதவுவது. ‘ஜி’ என்னும் விசை அம்மடலைப் பெற்ற அனைவருக்கும் மறுமொழி எழுத உதவுவது. ஒருவருக்கென எழுதிய அந்தரங்கச் செய்தி பலர் பார்வைக்குச் சென்று சேர்வதற்கு ஒரு விசை மாறினாற் போதும். அனுப்புவதற்கு முன் பெறுவோர் பெயர்கள் திரையில் தோன்றும் என்பது மெய்யே. ஆனால் பழகிய கை அதனைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை அன்றோ?

அழித்தலும் இத்தகையதே. ‘டி’யைத் தட்டியவுடன் குறி அடுத்த மடலுக்கு நகர்ந்துவிடுகிறது. ஐயுற்று மறுமுறை தட்டினால் அடுத்த மடலும் அழிப்புக்கு உள்ளாகும். நல்லகாலமாக, டாலர்க் குறியைத் தட்டும் வரையிலோ, ‘கியூ’ விசையால் வெளியேறும் வரையிலோ மடல் உண்மையில் அழிவதில்லை. அதற்குள் அம்மடலின் எண்ணைத் தட்டி அதனிடம் சென்று, ‘யூ’ விசையால் அதனை மீட்கலாம். ‘எக்ஸ்’ விசையால் மாற்றம் எதுவுமின்றி வெளியேறவும் கூடும்.

இனி, விசைகள் விரலுக்கு இசையாமற்போவது ஏன் எனப் பார்ப்போம். மட் நிரலில் மடல்களின் பட்டியலைக் காட்டும் அறை ஒன்று. ஒரு மடலைப் படிக்கும் அறை மற்றொன்று. ‘ஜே’ என்னும் விசை இரண்டிலும் அடுத்த மடலுக்கே அழைத்துச் செல்கிறது. ஆனால் பில் ஜாய் 1976இல் இயற்றிய ‘வீஐ’ என்னும் பதிப்புக் கருவியில் பழகியவர்க்கு, ‘ஜே’ என்றால் ஒரு வரி கீழே செல்லுதல் என்று பொருள். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தின் பலகையில், அம்புக்குறிகள் ‘ஹெச்’, ‘ஜே’, ‘கே’, ‘எல்’ ஆகிய நான்கு விசைகளின் மேலேயே பொறிக்கப்பட்டிருந்தன. அப்பழக்கத்தோடு மட் நிரலுக்கு வருபவர், மடலின் நடுவே ‘ஜே’யைத் தட்டிவிட்டு, படித்துக்கொண்டிருந்த மடல் மறைந்துபோனது கண்டு திகைப்பர்.

இதற்குப் பரிகாரம் பயனாளியிடமே உள்ளது. அவருடைய இல்லக் கோப்பகத்தில் ‘மட்ஆர்சி’ என்னும் கோப்பு ஒன்று உண்டு. நிரல் தொடங்கும்போது அதனைப் படித்து, அவ்வண்ணமே நடக்கும். விசை மாற்றும் வரி ஒவ்வொன்றிலும் நான்கு உறுப்புகள்: ‘பைண்டு’ என்னும் கட்டளைச் சொல், அறையின் பெயர், விசை, செயல். ‘பைண்டு பேஜர் ஜே நெக்ஸ்ட்-லைன்’ என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு வரி எழுதினால், படிக்கும் அறையில் ‘ஜே’ ஒரு வரி மட்டுமே நகரும். ‘ஜெனரிக்’ என்னும் பெயரில் எழுதுவன, தமக்கெனத் தனிப்பொருள் கொள்ளாத பிற அறைகளுக்கும் பொருந்தும். படிக்கும் அறைக்கு அவை செல்லா. அதற்குத் தனியே எழுதுதல் வேண்டும்.

ஆபத்தான விசையை இடம்பெயர்ப்பதும் இம்முறையாலேயே இயலும். ‘ஜி’யை முதலில் ‘நோஆப்’ என்று எழுதி வெறுவிசையாக்கலாம். பின்னர் ‘ஜி, ஜி’ என இருமுறை தட்டினால் பட்டியலின் தலைக்குச் செல்வதாகவும், ‘ஜி, ஏ’ எனத் தட்டினால் அனைவருக்கும் மறுமொழி எழுதுவதாகவும் அமைக்கலாம். பலருக்குச் செல்லும் மடலுக்கு இரு விசை வேண்டியிருப்பதால், கை ஒரு கணம் நிதானிக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆயினும் புதிய இடம் தேடும்போது, அது வெற்றிடந்தானா எனக் கேள்விக்குறியைத் தட்டிப் பார்த்தல் நலம். பெரிய எழுத்து ‘ஆர்’, எழுதி முடியாத மடலை மீட்கும் பணியை முன்னரே ஏற்றுள்ளது.

பல செயல்களை ஒரு விசையிற் கோப்பதற்கு ‘மேக்ரோ’ என்னும் கட்டளை உண்டு. அதனுள் விசையெழுத்துகளை எழுதாமல், கோணக்குறிகளுக்குள் செயலின் பெயரையே எழுதுவது அறிவுடைமை. நாளை விசை மாறினாலும் செயலின் பெயர் மாறாது, கோவையும் குலையாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முற்படுவது நன்றன்று. முக்காற்புள்ளி விசையைத் தட்டி, ஒரு மாற்றத்தை அப்போதைக்கு மட்டும் சோதித்துப் பார்க்கலாம். கைக்கு ஒத்ததைக் கோப்பில் எழுதலாம், ஒவ்வாததை விட்டுவிடலாம். அடிக்கடி செய்வது விரலுக்கு அண்மையில் இருக்கட்டும். மீட்க இயலாதது சற்றே தொலைவில் இருக்கட்டும். விசைகளை அமைப்பதில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய நெறி இதுவே.