‘வளர்ச்சி’ என்னும் தன்வினை: நல்லம்பள்ளியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

“ஊரு ரொம்ப வளந்துடுச்சு சார்.”

நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப்பில் எப்போது இறங்கினாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார். டீக்கடைக்காரர் சொல்வார், கூடப் படித்தவன் சொல்வான், செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் சொல்வார். வெளியூர் நண்பர்களிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த வாக்கியத்தின் இலக்கணத்தை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். வளர்ந்தது என்பது தன்வினை. பிள்ளை வளர்கிறது, பயிர் வளர்கிறது, அதுபோல ஊரும் தானாக வளர்ந்துவிட்டது. யாரும் வளர்க்கவில்லை, யாரும் இதில் எதையும் இழக்கவில்லை. பிறவினையாக்கிப் பாருங்கள்: ‘வளர்த்தார்கள்’. உடனே ‘யார், எதைக் கொண்டு, யாருக்காக?’ என்று கேட்க வேண்டியதாகிவிடுகிறது. நம் பேச்சில் அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லாமல் செய்வது இந்தத் தன்வினைதான்.

ஆங்கிலத்தில் க்ரோத், டெவலப்மென்ட் என்று இரண்டு சொற்கள். முன்னது அளவு சார்ந்தது, பின்னது தன்மை சார்ந்தது என்று பொருளியல்காரர்கள் பிரிப்பார்கள். ஈழத்தமிழர் இரண்டாவதை ‘அபிவிருத்தி’ என்று தனியே வைத்திருக்கிறார்கள். இங்கே ‘மேம்பாடு’ என்றொரு சொல் கோப்புகளில் இருந்தாலும், புழக்கத்தில் இரண்டுக்கும் ‘வளர்ச்சி’தான். கட்டடம் பெருத்தாலும் வளர்ச்சி, ஒரு பெண் பட்டம் வாங்கினாலும் வளர்ச்சி. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல மொழியிலேயே இடம் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்திப் பார்க்கும் முயற்சி.

2

எங்கள் ஊருக்கு ‘வளர்ச்சி’ முதலில் வந்தது ஓர் ஆபீசின் பெயராக. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் 1949 ஜனவரியில் தன் பதவியேற்பு உரையில் உலகின் பெரும்பகுதியை ‘வளர்ச்சி குன்றிய’ பகுதி என்று அழைத்தார். அந்தச் சொல்லாடல் எப்படி ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மக்களை நிர்வகிக்கப்பட வேண்டிய பொருளாக மாற்றியது என்பதை அர்துரோ எஸ்கோபார் 1995-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இந்தியாவில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் நீட்சியாக எழுந்தவை வட்டார வளர்ச்சி அலுவலகங்கள். நல்லம்பள்ளியும் ஓர் ஒன்றியத்தின் தலைமையிடம் ஆனது. எங்க ஜனங்களுக்கு அது ‘பிடிஓ ஆபீஸ்’. அங்கே போனால் மனு கொடுக்கலாம், காத்திருக்கலாம். ‘வளர்ச்சி’ என்பது ஒரு மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பது, நாம் இந்தப்பக்கம் நிற்பது என்று அரை நூற்றாண்டாக எங்களுக்குப் பழக்கமாயிருந்தது.

நல்லம்பள்ளியைக் ‘கல்லூரி நகரம்’ என்று சொன்னால் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். நகரமே இல்லை, கிராம ஊராட்சியாகவே இருந்து பெருத்த ஊர். ஆனால் தருமபுரியிலிருந்து அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி வழியாகத் தொப்பூர்க் கணவாய் வரை போகிற நெடுஞ்சாலைத் துண்டை ஒரே ஊராக வாசித்துப் பாருங்கள். பழைய என்.எச். 7, இன்றைய 44. இருபுறமும் பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக், நர்சிங், பி.எட். பெயர்ப்பலகைகள். காலை எட்டு மணிக்கு மஞ்சள் பஸ்கள். அறை வாடகை, ஜெராக்ஸ், சிக்கன் ரைஸ், ரீசார்ஜ். ஒரு நகரத்திற்குரிய எல்லாமும் இருக்கிறது. நகராட்சி மட்டும் கிடையாது. சாலைதான் நகரம்.

இந்தத் துண்டு இருக்கும் மாவட்டம் எது? 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனியே போன பிறகு ஓசூர்த் தொழிற்சாலைகளும் அதோடு போய்விட்டன. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் மக்கள், எழுத்தறிவு 68.5 சதம், தமிழகத்திலேயே கடைசி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்னால் வளர்ந்த எங்கள் தலைமுறை காவியேறிய பல்லோடுதான் இன்டர்வியூக்களுக்குப் போனது. சிரிக்காமல் பதில் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

3

மானாவாரி நிலம் எப்படிக் கல்லூரியாக மாறுகிறது என்பதை விளக்க வேண்டும்.

தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது 1984-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று ஒரு வகுத்தலைச் செய்து தனியார் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்டது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அந்தக் கடிவாளம் அவிழ்ந்தது. 2007-இல் நுழைவுத்தேர்வு நீங்கியது. அது கிராமத்துப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்லது. அதே சமயம் கல்லூரி முதலாளிகளுக்கும் நல்லது. இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டால் எங்கள் சாலையைப் புரிந்துகொள்ள முடியாது.

அண்ணாமலைநகரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். அங்கே 1929-இல் பல்கலைக்கழகம் அமைந்தபோது பின்னால் இருந்தது நகரத்தார் வணிக மூலதனம். அறக்கொடை, இசை, தமிழ் என்று அதற்கொரு பண்பாட்டு முகமும் இருந்தது. 2013-இல் அரசே அதை எடுத்து நடத்த வேண்டி வந்தது வேறு கதை. எங்கள் சாலையில் முதலில் வருவது நிலம். கேழ்வரகும் சாமையும் விளைந்த பூமி, புளியமர நிழல். ஏக்கர் கணக்கில் வாங்கப்படுகிறது. நடுவில் கல்லூரி எழுகிறது. சுற்றிலும் கல் நட்டு மனை போடுகிறார்கள். நேற்றுவரை ஏக்கராக இருந்தது இன்று சதுரஅடி. ‘கல்லூரிக்கு மிக அருகில்’ என்பது மனை விளம்பரத்தின் முதல் வரி. கல்லூரி படிப்பை விற்பதோடு பக்கத்து நிலத்தின் விலையையும் உற்பத்தி செய்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்தத் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். அந்த 2016 அக்டோபர் தொடங்கி 2019 டிசம்பர் வரை கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி ஒருவர்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஊர் மிக வேகமாக வளர்ந்த காலத்தில் ஊருக்கென்று பேச ஊரில் ஆள் இல்லை.

அடுத்தது, இருக்கையை நிரப்புவது. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2012-இல் அரசாணை 92: வருமான வரம்புக்குட்பட்ட தலித், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரியானாலும், அரசே ஏற்கும். போராடிப் பெற்ற உரிமைகள் இவை. ஆனால் பணம் போகிற வழியைப் பாருங்கள்: அரசுக் கருவூலத்திலிருந்து மாணவர் பெயரில் தனியார் கல்லூரிக்கு. ஏழைப் பிள்ளை ஓர் இருக்கை எண்ணாக மாறுகிறான். மே மாதத்தில் ஏஜெண்டுகள் கிராமம் கிராமமாகப் போய் ‘ஃபீஸே இல்லம்மா, சர்ட்டிபிகேட்ட மட்டும் குடு’ என்று கேட்பதன் பொருளாதாரம் இதுதான். உதவித்தொகை தாமதமானால் பையனை ஹால் டிக்கெட்டுக்கு நிறுத்திவைப்பதும் இதே பொருளாதாரம்தான்.

இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. இதே சாலையில், பெயர் வேண்டாம், ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சேரும்போது என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பளம் இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் தள்ளிப்போகும். கோடை விடுமுறையில் எங்கள் வேலை ‘அட்மிஷன் டூட்டி’. பாடம் நடத்துகிற நானே வீடுவீடாக ஏறி ஆள் பிடித்திருக்கிறேன். ஒரு பாட்டி, “ஏம்ப்பா, வாத்தியாரா இருந்துக்கிட்டு இப்படி அலையற?” என்றார். பதில் சொல்லாமல் அவர் தந்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். ஏன் விலகவில்லை என்று கேட்கலாம். சான்றிதழ் அவர்களிடம் இருந்தது. கல்லூரி தன் மாணவர்களிடம் செய்வதையே ஆசிரியர்களிடமும் செய்தது.

4

சரி, அப்படியானால் கல்லூரிகளே வேண்டாமா? வளர்ச்சியை விமர்சிக்கிற தோழர்கள் சிலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘அழகான கிராமம் அழிந்தது’ என்ற புலம்பல் யாருடைய கிராமத்தைப் பற்றியது? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது அந்தப் புலம்பலுக்கு முன்கூட்டியே தரப்பட்ட பதில். தேநீர்க்கடை இரட்டை டம்ளருக்கு எதிராக இந்த மாவட்டத்தில் எழுபதுகளின் கடைசியில் நக்சல்பாரித் தோழர்கள் நடத்திய போராட்டங்களையும், 1980-இல் பாலன் கொல்லப்பட்டதையும், நாய்க்கன்கொட்டாயில் நிற்கிற அப்பு–பாலன் சிலைகளையும் அறிந்தவர்கள் பழைய கிராமத்திற்காகக் கண்ணீர் விட மாட்டார்கள்.

கல்லூரி ஒன்றைச் செய்தது. காலனிப் பையனும் ஊர்ப் பெண்ணும் ஒரே பஸ்ஸில், ஒரே வகுப்பில், ஒரே கேன்டீன் வரிசையில் நின்றார்கள். ஊர், சேரி என்ற புவியியல் பகலில் எட்டு மணி நேரம் தளர்ந்தது. பூர்தியு ‘பண்பாட்டு மூலதனம்’ என்று சொன்னது இங்கே உடையாகவும் பேச்சாகவும் செல்போனாகவும் வெளிப்பட்டது. இந்தத் தளர்வைச் சாதி எப்படி வாசித்தது? மேடைகளில் ‘ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங்கிளாஸ்’ என்று ஏளனம் செய்ததும், ‘நாடகக் காதல்’ என்று பெயர் சூட்டியதும் அந்த வாசிப்புதான். ஒரு காதல் திருமணத்தைக் காரணம்காட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. எரிந்தவற்றில் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களும் இருந்தன. அந்தத் திருமணத்தின் இளைஞர் 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். இந்த மாவட்டத்தின் ‘வளர்ச்சி’யைப் பற்றி எழுதுகிறவர் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

கவனிக்க வேண்டியது இதற்குப் பின் நடந்தது. தனியார் கல்லூரிகள் சாதியின் அச்சத்தை வியாபாரத்தோடு இணைத்துக்கொண்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாடிப்படி, பஸ்ஸில் தனித்தனிப் பகுதி, பேசினால் அபராதம், பெற்றோருக்கு போன். ‘எங்க காலேஜ்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்பது பாடத்திட்டத்தைவிடப் பெரிய விளம்பரமாயிற்று. அரும்பிய ஒரு பொதுவெளி கண்காணிப்பு வெளியாக மாற்றப்பட்டது. என் வகுப்பில் நன்றாக எழுதுகிற பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு பையனிடம் நோட்டு வாங்கியதற்காக அலுவலகத்திலிருந்து அவள் வீட்டுக்கு போன் போனது. அடுத்த செமஸ்டரில் அவள் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்தான். அன்று நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்திற்குக் கொஞ்சம் தாமதமான கணக்கு.

5

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கின்படி தமிழகத்தில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதம்; இந்திய சராசரி 28.4. இது சாதனை, மறுக்க வேண்டியதில்லை. 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் பல கல்யாணங்களைத் தள்ளிப்போட வைத்திருக்கிறது என்பதை என் தெருவிலேயே பார்த்தேன். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம்களை 2023 ஜூலையில் முதல்வர் தொடங்கிவைத்ததும் எங்கள் தொப்பூரில்தான். ஆனால் பட்டம் வாங்கியவர்கள் எங்கே? ஓசூரில், பெங்களூரில், திருப்பூரில், கோவையில். பொறியியல் மோகம் தணிந்து இருக்கைகள் காலியானபோது கல்லூரியை நம்பி மாடி கட்டிய சின்னச்சின்ன வீட்டுக்காரர்கள் கடனோடு நின்றார்கள். மனை விற்றவருக்கு நஷ்டம் இல்லை. ஊரின் உழைப்பை ஏற்றுமதி செய்கிற ஒரு வாசலாகத்தான் சாலை இருக்கிறது. அதகபாடி, தடங்கம், பாலஜங்கமனஅள்ளிப் பக்கம் 1,700 ஏக்கர் அளவில் சிப்காட் தொழிற்பூங்காவுக்குக் குறிக்கப்பட்டபோது, இந்த வாசல் உள்பக்கமாகவும் திறக்கும் என்று பேசினார்கள். திறக்கலாம். யாருக்கு, எந்தக் கூலிக்கு, எந்த நிலத்தின் மீது என்பதைத் தன்வினை சொல்லாது.

ஆகவே நான் கேட்பதெல்லாம் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதுதான். அக்டோபர் 2 வந்தால் கிராமசபை. வளர்ச்சித் திட்டம் பிறந்த தேதி, மாவட்டம் பிறந்த தேதியும் அதுதான். அங்கே தீர்மானமாகக் கேட்கலாம்: இந்த ஊராட்சி எல்லைக்குள் எத்தனை ஏக்கர் மனையானது? கல்லூரிகள் ஊராட்சிக்கு என்ன வரி கட்டின? உதவித்தொகையில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்? பாதியில் நின்ற பெண்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள்? யாருடைய சான்றிதழ் யாருடைய பீரோவில் இருக்கிறது?

போன மாதம் ஊருக்குப் போனபோதும் டீக்கடைக்காரர் அதையேதான் சொன்னார். “ஊரு வளந்துடுச்சு சார்.” இந்த முறை தலையாட்டவில்லை. “யாருண்ணா வளத்தாங்க?” என்று கேட்டேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.