ஆண்கள் உள்ளே வரக்கூடாது! கதவைச் சாத்திக்கொண்டு கூடைப்பந்து ஆடிய மாணவிகள்

கோயமுத்தூர்ப் பெண்களுக்குக் கூடைப்பந்து புதிது அல்ல. பெண்களுக்கென்றே சி.ஆர்.ஐ. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி இந்த ஊரில் நடந்திருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம், கை தட்டலாம்.

ஆனால், இரண்டு கல்லூரிகளின் மாணவிகள் முதன் முதலாக மோதிய பந்தயத்தைப் பார்க்க ஓர் ஆணுக்குக்கூட அனுமதி கிடையாது! அந்தக் கதை வேடிக்கையானது. வேதனையும் நிறைந்தது.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் கடுங்குளிர். வெளியே போய் ஆட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டினார். பந்தை அதில் போட வேண்டும். அதுதான் கூடைப்பந்து!

விரைவிலேயே இந்த ஆட்டம் பெண்களிடமும் வந்தது. சுமித் மகளிர் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"பெண்கள் மென்மையானவர்கள். ஓடினால் உடம்பு கெட்டுவிடும்" என்று எண்ணிய காலம் அது. அதனால் மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரித்தார் பெரன்சன். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக்கூடாது!

வெட்கப்பட்டு ஓடினார்கள்

1896-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி. சான்பிரான்சிஸ்கோ நகரம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவிகளும், கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவிகளும் மோதினார்கள். பக்கத்துக்கு 9 பேர். பார்க்க வந்த நூற்றுக்கணக்கான பேரும் பெண்கள்!

நடுவில் கூடை பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்ய ஆண்கள் உள்ளே வந்தார்கள். அவ்வளவுதான்! மாணவிகள் சிலர் அலறிக்கொண்டு ஓர் ஓரத்தில் போய் ஒளிந்துகொண்டார்கள்.

கடைசியில் 2-1 என்ற கணக்கில் ஸ்டான்போர்டு மாணவிகள் வென்றார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

வந்தது தடை

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உடல்நலத்தைக் காரணம் காட்டி, பெண்கள் பிற கல்லூரிகளோடு மோதுவதற்கு 1899-ல் ஸ்டான்போர்டு தடை போட்டது. வென்ற அணியே வீட்டுக்கு அனுப்பப்பட்டது!

பல ஆண்டுகள் உருண்டோடின. 1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. "அரசு உதவி பெறும் கல்விக்கூடங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது" என்றது அந்தச் சட்டம். அது விளையாட்டுக்கும் பொருந்தியது. பெண்கள் அணிகளுக்குப் புது உயிர் வந்தது. 1976-ல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் கூடைப்பந்து இடம் பெற்றது.

1990-லும், 1992-லும் ஸ்டான்போர்டு பெண்கள் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன் ஆனார்கள்.

அதே நாள்! அதே வித்தியாசம்!

2021-ம் ஆண்டு மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். எதிரி, அரிசோனா பல்கலைக்கழகம். முடிவு என்ன தெரியுமா? 54-53. மறுபடியும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி!

அன்றைய தேதியும் ஏப்ரல் 4. முதல் பந்தயம் நடந்து சரியாக 125 ஆண்டுகள்! இந்த முறை கதவைச் சாத்தவில்லை. ஆண்களும் பெண்களும் அரங்கில் இருந்தார்கள். டெலிவிஷனில் நாடே பார்த்தது.

நம் வீட்டுப் பெண்

அதே 2021-ல் நம் நாட்டிலும் ஒரு நல்ல சேதி வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

"பொம்பளைப் புள்ளைக்குப் பந்தாட்டம் எதுக்கு அம்மிணி?" என்று கேட்கும் பெரியவர்கள் கொங்கு நாட்டில் இன்றும் உண்டு. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஸ்டான்போர்டு மாணவிகளைத் தடுத்தவர்களும் "உன் நன்மைக்குத்தான்" என்றே சொன்னார்கள்.

மகள் பந்தும் கையுமாக வந்து நின்றால், கதவைச் சாத்தாதீர்கள். கூடவே போய், ஓர் ஓரமாக உட்கார்ந்து, கை தட்டுங்கள்!