நாளைக்கும் பசிக்குமே!

குழந்தையின் பசி பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. பண்டிகையன்று வயிறார உண்ட பிள்ளைக்கு மறுநாள் காலையிலும் பசிக்கத்தான் பசிக்கிறது. தாய் தந்தையர் உள்ள வீட்டில் இதைப்பற்றி எவரும் யோசிப்பதில்லை. வேளை வந்ததும் இலை விழுகிறது. பெற்றோரை இழந்த குழந்தைக்கு அந்த மறுநாள் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? அன்னதானத்தைத் தலையாய தர்மமாகப் போற்றும் நம் ஹிந்து சமூகம் விடை கூறவேண்டிய கேள்வி இது.

சென்னையில் சிலர் இதற்குக் காரியத்தினால் விடை கூறினார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூரில் பரவிய பிளேக் நோய் ஒரு குடும்பத்தின் பெரியவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. சிறுவர்கள் மட்டுமே மிஞ்சினர். ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸரின் சீடரும், 1897 முதல் சென்னையில் தொண்டாற்றி வந்தவருமான ராமகிருஷ்ணானந்த சுவாமிகளின் உள்ளத்தை இத்துயரம் உருக்கியது. அவருடைய தூண்டுதலால், 1905 பிப்ரவரி 17-ல், மயிலாப்பூரில் ஏழு பிள்ளைகளுடன் ராமகிருஷ்ண மாணவர் இல்லம் தோன்றியது.

சி. ராமஸ்வாமி ஐயங்கார் அதன் பொறுப்பை ஏற்றார், சி. ராமானுஜாச்சாரியார் உடன் நின்று உழைத்தார். இருவரும் குபேரர்கள் அல்லர். பொதுமக்களின் கொடையை நம்பியே உலை வைத்தார்கள். 1921-ல் இல்லத்துக்குச் சொந்தக் கட்டிடம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சோற்றுடன் கல்வியும், கைத்தொழிலும் கிடைத்தன. நூறாண்டு கடந்தும் அந்த அடுப்பு அணையவில்லை.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிறந்தநாள், திதி ஆகிய தினங்களில் அநாதை இல்லங்களுக்கு விருந்தளிப்போர் இன்று பலர். அது நல்லதே. ஆனால் ஒரே நாளில் மூன்று பேர் பாயசம் அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் முழுவதும் ஒருவரும் எட்டிப் பாராவிட்டால் என்ன பயன்? 1956-ல் காமராஜர் ஆட்சியில் பரவிய மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பள்ளிப் பிள்ளைகளின் ஒரு வேளைப் பசியைத் தீர்த்தன. இரவுச் சோறும், விடுமுறை நாளின் சோறும் இன்னும் சமூகத்தின் கடனே.

இக்கடனைத் தீர்க்க நம் முன்னோர் எளிய வழி ஒன்றை வைத்திருந்தனர். அதுதான் பிடியரிசி. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் இதனை வற்புறுத்தி வந்தார். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது, அவ்வளவே. ஒரு பிடி 50 கிராம் என்று கொள்வோம். நூறு வீடுகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 5 கிலோ. மாதத்திற்கு 150 கிலோ. ஒரு பிள்ளைக்குத் தினம் 300 கிராம் வீதம் பதினாறு பிள்ளைகளின் மாதச் சோறு ஒரே தெருவிலிருந்து கிடைத்துவிடும்! கொடுத்த வீடு எதுவும் அதனால் குறைந்துபோகாது.

இன்னொரு நன்மையும் உண்டு. விருந்தளிப்பவர் முன்னே வரிசையாக நின்று கைகூப்பி நன்றி சொல்லும் சங்கடம் பிள்ளைகளுக்கு நேர்கிறது. பிடியரிசியிலோ இன்னார் கொடுத்தது என்ற அடையாளமே இல்லை. தன் வீட்டுச் சோற்றை உண்பதுபோல் குழந்தை தலைநிமிர்ந்து உண்ணலாம்.

நேயர்களே, சகோதரிகளே! உங்கள் தெருவிலும் நூறு அடுப்புகள் எரிகின்றன. நாளைக் காலையில் அரிசி அளக்கும்போது அருகில் ஒரு சிறு கலயம் இருக்கட்டும்.