அடி எண்ணும் கருவியை வாங்குமுன்

நடந்த அடிகளை எண்ணிக் காட்டும் கைப்பட்டைகள் இந்நாளில் பலவாறாகக் கடைகளுக்கு வந்துள்ளன. குறைந்த செலவில் ஏற்றதொன்றைத் தெரிந்தெடுக்கும் வகையை அங்கத்தினர்கள் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

கைப்பட்டை கால்களைக் காண்பதில்லை. உள்ளேயுள்ள நுண்கருவி மணிக்கட்டின் அசைவை உணர்ந்தே அடியெனக் கணிக்கிறது. ஆகவே, தறியில் அமர்ந்து நாடாவைச் செலுத்தும் நெசவாளரின் கையசைவையும் அது நடையாக எண்ணிவிடக்கூடும். நாள் முழுதும் உட்கார்ந்திருந்தவர் போதுமான அளவு நடந்துவிட்டதாக நம்பி மாலை நடையைக் கைவிடுவாராயின், கருவியால் தீமையே விளையும். களை கொத்தும் உழவர்க்கும் இது பொருந்தும். இத்தகையோர்க்கு இடுப்பில் செருகும் எளிய அடிமானி ஏற்றது. அன்றேல், பட்டையை நடக்கும் வேளையில் மட்டும் அணியலாம்.

வாங்குமுன் அணிந்து 100 அடி நடந்து, நாமும் எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும். நீர் புகுமா, மின்கலம் எத்தனை நாள் நீடிக்கும், கைப்பேசியின்றி இயங்குமா என்பவற்றையும் விசாரித்தல் அவசியம். நடையை மட்டும் அறிய விரும்புவோர் நாடித்துடிப்பு காட்டும் வசதிக்காக மிகை விலை தரவேண்டுவதில்லை.

10,000 அடி என்னும் இலக்கு, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயரால் பரவியதாகும், மருத்துவ விதியன்று. நேற்றைய நடையினும் இன்று சற்றே கூடினால், கொடுத்த பணம் வீணாகாது.