முன்கூட்டிய ஓய்வும் முறையான வாழ்வும்

முன்னுரை

பணியில் சேரும் நாளை எண்ணி எண்ணி மகிழும் நாம், பணியிலிருந்து விடைபெறும் நாளைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. அந்நாள் தானே வரும். வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடுகிறோம். உரிய வயதில் ஓய்வு பெறுவோருக்கே இப்போக்குத் தீங்கு விளைக்கும் எனில், 50 வயதிலேயே பணியை விட்டு விலக விழைவோருக்கு அது எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. முன்கூட்டிய ஓய்வுக்கு எவ்வாறு ஆயத்தமாவது, பெற்ற ஓய்வை எவ்வாறு துய்ப்பது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

ஓய்வு வயது

ஓய்வுக்குரிய வயது இயற்கை வகுத்ததன்று, அரசுகள் வகுத்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889-இல் இயற்றப்பட்ட முதியோர் காப்புறுதிச் சட்டம் 70 வயதில் ஓய்வூதியம் வழங்கியது. 1916-இல் அவ்வயது 65 ஆகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது.

இவ்வயதுக்கு முன்னரே விலகவும் வழி உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் 20 ஆண்டுத் தகுதிப்பணியை முடித்த பின்னரோ, 50 வயதை எய்திய பின்னரோ, மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து விருப்ப ஓய்வு பெறலாம். பொதுத்துறை வங்கிகள் 2000-இல் அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணியினின்று விலகினர். பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் திட்டத்தை ஏற்று, 50 வயதைக் கடந்த ஏறத்தாழ 78,000 பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் விடைபெற்றனர். எனவே முன்கூட்டிய ஓய்வு என்பது செல்வர் சிலருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நடுத்தரக் குடும்பங்களின் வாயிலுக்கும் அது வந்துவிட்டது.

கடல் கடந்தோர் நிலை

நம் ஊர்களில் இச்செய்தி இன்னொரு வடிவிலும் வருகிறது. இருபது வயதில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் 45, 50 வயதில் ஊர் திரும்புகின்றனர். அதனை யாரும் ஓய்வு என்று பெயரிட்டு அழைப்பதில்லை. ‘ஊரோடு வந்துவிட்டார்’ என்பர். உண்மையில் அதுவும் முன்கூட்டிய ஓய்வே. ஓய்வூதியம் இல்லாத ஓய்வு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் துறையில் பணிபுரியும் நம்மவர்க்கு விடைபெறும்போது பணிநிறைவுத் தொகை வழங்கப்படுகிறது. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்குப் பிந்திய ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படை ஊதியமும் கணக்கிடப்பெறும். இருபதாண்டு உழைத்தவருக்கு முதற்பகுதியில் 105 நாளும் பிற்பகுதியில் 450 நாளுமாக மொத்தம் 555 நாள் ஊதியம் கிடைக்கும். அதாவது, இருபதாண்டு உழைப்பின் இறுதியில் கையில் வருவது பதினெட்டரை மாத அடிப்படை ஊதியம் மட்டுமே. படிகள் இக்கணக்கில் சேரா.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கு உழைத்துத் தம் 48-ஆம் வயதில் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினார். தெருவே வியக்கும்படி வீடு எழுப்பினார். மகளுக்குச் சிறப்பாகத் திருமணம் செய்துவைத்தார். மூன்றே ஆண்டுகளில் கையிருப்புக் கரைந்தது. 51-ஆம் வயதில், முன்னினும் குறைந்த ஊதியத்திற்கு மீண்டும் விமானம் ஏறினார். புறப்படுமுன் அவர் நம்மிடம் சொன்னார்: “மாளிகை கட்டினேன், மளிகைக்கு வழி வைக்கவில்லை.” அச்சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. அவர் சோம்பேறியும் அல்லர், ஊதாரியும் அல்லர். பெருஞ்செலவுகளுக்குத் திட்டமிட்டவர், மாதச் செலவுக்குத் திட்டமிடவில்லை. அவ்வளவே.

பொருட்கணக்கு

வருவாய் வரும் வழி குறுகியதாயினும், செலவாகும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. முன்கூட்டிய ஓய்வுக்கு இதுவே முதற்பாடம். ஓராண்டு முழுவதும் குடும்பச் செலவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். அங்ஙனம் எழுதாதவர் தம் செலவைக் குறைவாகவே மதிப்பிடுவர்.

அடுத்து நினைவிற்கொள்ள வேண்டியது விலைவாசி. 72 என்னும் எண்ணை விலையேற்ற வீதத்தால் வகுத்தால், விலை இருமடங்காகும் ஆண்டுகள் ஏறத்தாழத் தெரியவரும். விலை ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுமாயின் 12 ஆண்டுகளில் அது இருமடங்காகும். இன்று மாதம் 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்திற்கு 12 ஆண்டில் 50,000 ரூபாயும், 24 ஆண்டில் ஒரு லட்சம் ரூபாயும் வேண்டும். 50 வயதில் ஓய்வு பெறுபவர் 74 வயதில் இந்நிலையை எதிர்கொள்வார். வாழ்க்கை சிறிதும் உயர்ந்திராது. செலவு மட்டும் நான்கு மடங்காகியிருக்கும்.

எனின், எவ்வளவு சேர்த்தபின் விலகலாம்? அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். சேமிப்பில் நூற்றுக்கு 4 பங்கை முதலாண்டில் எடுத்துக்கொண்டு, பின்னர் விலையேற்றத்திற்கேற்ப அத்தொகையை உயர்த்திவந்தால், சேமிப்பு 30 ஆண்டுகள் தாங்கும் என்பது அவர் கண்ட முடிவு. அதாவது ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு கையில் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவிடுவோர்க்கு அது 75 லட்சம். ஆனால் அவர் கண்டது அமெரிக்கச் சந்தையின் வரலாற்றை. எண்ணியது 30 ஆண்டுகளை. 50 வயதில் விலகுபவர் 40 ஆண்டுகளும் வாழக்கூடும். ஆகவே 25 மடங்கு என்பதை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் ஒரு கோடி வரை சேர்ப்பதே நம்மவர்க்குப் பாதுகாப்பு.

குடியிருக்கும் வீட்டையும் மனைவியின் நகையையும் இக்கணக்கில் சேர்த்தல் பிழை. அவை மாதந்தோறும் சோறிடா. வட்டியைத் தவிர்ப்போர் வாடகை, நேர்மையான தொழிற்பங்கு ஆகிய வழிகளை நாடுகின்றனர். அவர்கள் கடைக்கு வாடகையாள் இல்லாத மாதங்களையும், தொழில் தளரும் ஆண்டுகளையும், சேமிப்பின்மீது ஆண்டுதோறும் கடமையாகும் நூற்றுக்கு இரண்டரை வீத ஜகாத்தையும் முன்கூட்டியே கணக்கிற்கொள்ள வேண்டும். மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு ஆகியவற்றுக்கான தொகை வேறாக இருத்தல் இன்றியமையாதது. மேலே கண்ட பெரியவர் தவறியது இவ்விடத்தில்தான்.

உடற்கணக்கு

பணியில் இருக்கும்வரை மருத்துவச் செலவை நிறுவனம் ஏற்கிறது. விலகிய மறுநாளே அக்குடை மடங்கிவிடுகிறது. 70 வயது நிறைந்தோர் அனைவர்க்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை நடுவணரசு 2024-இல் விரிவுபடுத்தியது. ஆயின் 50-க்கும் 70-க்கும் இடைப்பட்ட இருபதாண்டுகளுக்கு அவரவரே பொறுப்பு. முன்னரே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டுகள் வரை காப்பீட்டு நிறுவனங்கள் காத்திருக்கச் செய்யலாம் ஆதலின், பணியில் இருக்கும்போதே தனியாகக் காப்பீடு எடுத்துவிடுதல் அறிவுடைமை.

காலக்கணக்கு

பொருளும் உடலும் ஒழுங்காக அமைந்தபின் எஞ்சுவது காலம். போக்குவரவு உட்பட நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எனக் கொண்டால், பணி நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது ஆண்டுக்கு 2,700 மணி நேரம். ஓய்வு அத்தனையையும் ஒருசேரத் திருப்பித் தருகிறது. அதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அறியாமல் திகைப்போரே பலர்.

ஆங்கிலக் கட்டுரையாசிரியர் சார்லஸ் லாம்ப் இத்திகைப்பிற்குச் சான்றாவார். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் கணக்கராகச் சேர்ந்த அவர், 33 ஆண்டுகள் பணியாற்றி 1825-இல் தம் 50-ஆம் வயதில் ஓய்வூதியத்துடன் விடைபெற்றார். அவ்வாண்டே அவ்வனுபவத்தை ஒரு கட்டுரையாக வடித்தார். நெடுநாட் சிறையிலிருந்து திடீரென விடுபட்டவனைப்போல் முதலில் தடுமாறியதையும், பழைய அலுவலகத்திற்குச் சென்றபோது தம் மேசை பிறருக்கு உரியதாகிவிட்டதைக் கண்டு உள்ளம் வருந்தியதையும் அதில் சொல்கிறார். அடுத்த ஆண்டு அவர் செய்தது நம் கருத்திற்குரியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு நாள்தோறும் சென்று, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை பழைய நாடகங்களைப் படித்தார். அவர் விட்டது அலுவலகத்தை, ஒழுங்கை அன்று.

ஓய்வை நாடுவோர் இதனைப் பின்பற்றலாம். விலகுவதற்கு ஓராண்டு முன்னரே, விடுமுறைகளில், தாம் செய்ய விழையும் செயலைச் செய்து பார்த்தல் வேண்டும். ஆசிரியர் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். கணக்கர் பள்ளிவாசல் கணக்கையோ கூட்டுறவுச் சங்கக் கணக்கையோ ஒழுங்குபடுத்தலாம். உழவில் நாட்டமுடையோர் சிறு தோட்டம் வைக்கலாம். விடுமுறையில் இன்பம் தராத செயல் ஓய்விலும் இன்பம் தராது.

இல்லத்தரசியோடு கலந்து முடிவெடுத்தலும் இன்றியமையாதது. கணவர் பணியை விட்டார் எனினும் மனைவிக்குச் சமையலறையில் ஓய்வில்லை. நாள் முழுதும் வீட்டிலிருந்து குறைகூறும் ஓய்வாளரைக் காட்டிலும், வீட்டுப் பணியில் பங்கேற்கும் ஓய்வாளரே அக்குடும்பத்திற்கு அணியாவார்.

மாணவர்க்கு ஒரு சொல்

இது முதியோர்க்குரிய செய்தி என்று மாணவர் புறந்தள்ளிவிடலாகாது. ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம் வளரும் முதலீடு ஒன்பதாண்டுகளில் இருமடங்காகும். அவ்வாறு வளருமாயின், 23 வயதில் சேர்த்த ஒரு ரூபாய் 50 வயதில் எட்டு ரூபாயாகும். 32 வயதில் சேர்த்தது நான்காகும். 41 வயதில் சேர்த்தது இரண்டே ஆகும். முதற் சம்பளத்தில் தொடங்கும் சிறு சேமிப்பு, பின்னாளில் விரும்பாத பணியை விடும் உரிமையை வழங்குகிறது.

முடிவுரை

இல்லறம் நிறைந்த கடைநாளில் தலைவனும் தலைவியும் தம் மக்களோடும் சுற்றத்தாரோடும் மேலானவற்றைப் பழகிவருதலே கழிந்த வாழ்வின் பயன் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகிறது. முன்கூட்டிய ஓய்வு அக்கடைநாளைச் சற்று முன்னதாகவே, உடலில் வலுவிருக்கும்போதே, நம் கையில் தருகிறது. கணக்கிட்டு வருபவர்க்கு அது வரம். கணக்கின்றி வருபவர்க்கு, இரண்டு பயணங்களுக்கு இடைப்பட்ட ஒரு நீண்ட விடுப்பு மட்டுமே. 51-ஆம் வயதில் மீண்டும் பெட்டி கட்டிய அப்பெரியவரின் நிலை நம் இளைஞர் எவர்க்கும் நேராதிருக்க, பெரியோர் தம் பட்டறிவை மறைக்காது எடுத்துரைக்க வேண்டும். இளையோர் அதனைச் செவிமடுக்க வேண்டும் என்பதே நம் விழைவு.